திருப்பூர்: ஆற்றைக் காப்பாற்றும் செலவு பையர் தரும் விலையில் எங்கே இருக்கிறது?

மெர்ச்சண்டைசர்_கவி

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரும் விலையும் பேசிக் கவனிப்பவராக) இருக்கிறேன். சமீபத்தில் ஐரோப்பிய பையர் (எங்களிடம் ஆடை வாங்கும் கம்பெனி) ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு மெயில் வந்தன. முதல் மெயில் ஒரு நீண்ட கேள்விப் பட்டியல். துணிக்கு எந்தச் சாயப்பட்டறையில் சாயம் ஏறுகிறது, அது எந்தப் பொது சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்ந்தது, தண்ணீரை எவ்வளவு திரும்பப் பயன்படுத்துகிறார்கள், என்னென்ன கெமிக்கல் போடுகிறார்கள் என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்விகள்தான். இரண்டாவது மெயில் அடுத்த சீசன் விலை பற்றியது. அதே கருப்பு ரவுண்ட் நெக் டி-ஷர்ட், அதே ஜி.எஸ்.எம். (துணியின் கனம்). பீசுக்கு ஐந்து சென்ட் குறைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டு மெயிலையும் அனுப்பியது ஒரே கம்பெனியின் வேறு வேறு டிபார்ட்மென்ட். எங்கள் காஸ்டிங் ஷீட்டில் (செலவுக் கணக்குத் தாளில்) நூல், நிட்டிங், டையிங் (சாயம் போடுவது), கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லாவற்றுக்கும் வரி உண்டு. கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்கு மட்டும் வரி இல்லை. டையிங் ரேட்டுக்குள்ளேயே அது போய்விடுகிறது. விலை குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பது டையிங் ரேட்டில்தான்.

திருப்பூரில் இந்தச் செலவை உண்மையில் யார் சுமக்கிறார்கள்? யார் சுமக்க வேண்டும்? பட்டறை வைத்திருப்பவர்கள், விவசாயிகள், சட்டம் தெரிந்தவர்கள் எல்லோரும் பேசினால் நன்றாக இருக்கும்.

---

டை_ஹவுஸ்_கெமிஸ்ட்

கவி, முதலில் உங்கள் கருப்பு டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். பருத்தித் துணிக்கு நாங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம். அது தண்ணீரை விட்டு நூலுக்குள் போவதற்கு உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கருப்பு, நேவி மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போகும், சில ஷேடுக்கு அதற்கும் மேலே. சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் பாத் (சாயத் தண்ணீர்) என்று வைத்தால், கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு. 180 கிராம் எடையுள்ள ஒரு கருப்பு டி-ஷர்ட்டுக்கு 90 கிராம் உப்பு. பழைய விஞ்ச் மெஷின் காலத்தில் பாத் இன்னும் பெரியது, உப்பும் அந்த அளவுக்கு அதிகம்.

இந்த உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்காது. சாயத்தைத் தள்ளிவிட்டு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சாயத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பிடிக்காமல் கழுவிப் போகும். நிறத்தை எடுப்பது பெரிய கஷ்டம் இல்லை. பாக்டீரியா வைத்தோ ஓசோன் விட்டோ எடுத்துவிடலாம். தண்ணீரில் கரைந்த உப்பு அப்படிப் போகாது. 1990களில் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைத் தெளிய வைத்து ஆற்றில் விட்டார்கள். பார்க்கத் தெளிவாக இருந்த அந்தத் தண்ணீரில் உப்பு அப்படியேதான் இருந்தது. ஆற்றில் விட அரசு வைத்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். வெளியே போனது அதைவிடப் பல மடங்கு.

இன்றைக்கு நாங்கள் செய்வது இது. முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, அப்புறம் வடிகட்டி, அதன் பிறகு பல கட்டமாக ஆர்.ஓ. பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பி அதே பட்டறைக்கு வந்துவிடும். மிச்சம் இருக்கும் அடர்த்தியான உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிக்க வேண்டும். பணம் போவது இந்த இடத்தில்தான். ஒரு லிட்டர் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதை ஆவியாக்க ஆகும். விறகு, கரண்ட், மெம்பரேன் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்துத்தான் மாதாமாதம் மீட்டர் பார்த்து பில் வருகிறது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளான்ட்டின் கடனும் பராமரிப்பும் நிற்காது.

---

ஓரத்துப்பாளையத்தான்

கெமிஸ்ட் தம்பி தண்ணீர் வெளியே போகும் வரை சொல்லிவிட்டார். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்கிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு. வருஷத்தில் பல மாதம் அதில் சொந்தத் தண்ணீரே இருக்காது. பட்டறைகள் நாளுக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் விட்ட காலத்தில், ஆற்றில் ஓடியதே சாயக்கழிவுதான். கலந்து நீர்த்துப் போக எதுவும் இல்லை.

ஓரத்துப்பாளையம் அணை 1992ல் கட்டி முடிந்தது. காங்கயம் பக்கமும் கரூர் பக்கமுமாகச் பாசனத்துக்கு என்று கட்டினார்கள். எங்கள் அப்பா அந்த அணையை நம்பித்தான் தென்னை வைத்தார். சில வருஷத்திலேயே அணை சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. 1997ல் அணையைத் திறந்துவிட்டபோது கீழே காவிரி வரைக்கும் சேதம். அதன் பிறகு தண்ணீரைத் தேக்கவே வழியில்லாமல் போனது. பாசனத்துக்குக் கட்டிய அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடாதே என்று விவசாயியே கேட்டதை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் கிணறு ஆற்றிலிருந்து மூன்று காடு (வயல்) தள்ளி. முதலில் மஞ்சள் போனது. அப்புறம் வாழை. தென்னை சாகவில்லை, ஆனால் குரும்பை கொட்டும், மட்டை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். இளநீர் வெட்டினால் உப்புக் கரிக்கும். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிவிடும். அம்மா குடிதண்ணீருக்கு வண்டிக்காரனை எதிர்பார்த்து நிற்பார். காட்டுக்காரர்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனது ஆசைப்பட்டு இல்லைங்க.

கவி, செலவை யார் சுமக்க வேண்டும் என்று கேட்டீர்கள். இருபது வருஷம் நாங்கள் சுமந்தோம். அது எந்தக் காஸ்டிங் ஷீட்டிலும் வரவில்லை.

---

கரூர்_வக்கீல்

ஐயா சொன்னதோடு தேதிகளையும் சேர்த்து வைக்கிறேன். ‘தொழில்துறை தானாக முன்வந்து பசுமைக்கு மாறியது’ என்று இப்போது விளம்பரப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். நடந்தது அப்படி இல்லை.

ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலை கூடாது என்ற அரசாணை 1989லேயே வந்துவிட்டது. 1996ல் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது. அதே வருஷத்திலேயே கரூர் நொய்யல் கால்வாய் விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2003ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (பாசன நிலக்காரர்கள்) பாதுகாப்புச் சங்கம் இன்னொரு வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் தீர்ப்பு: 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும், அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். பட்டறைகள் மேல்முறையீடு போயின. 2009 அக்டோபர் 6ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகும் நிற்காததால் அவமதிப்பு வழக்கு. 2011 ஜனவரி 28ல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

1996லிருந்து 2011 வரை பதினைந்து வருஷம். இதில் எந்தக் கட்டத்திலும் வெளிநாட்டு பையர் ஒருவர் வந்து ‘ஆற்றைக் கெடுத்தால் ஆர்டர் கிடையாது’ என்று சொன்னதாக வழக்குக் கட்டுகளில் நான் பார்த்ததில்லை. விவசாயிகள் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தார்கள். நொய்யலுக்கு ஏதாவது நல்லது நடந்திருக்கிறது என்றால் அவர்களால்தான்.

---

சின்னப்பட்டறை

நான் ஜாப் ஒர்க் (கூலிக்குச் சாயம் போட்டுத் தரும்) சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். விவசாயிகள் சொன்னதில் ஒரு வார்த்தையும் மறுக்க மாட்டேன். நானும் காட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைதான், திருப்பூரில் பாதிப் பட்டறைக்காரர்கள் அப்படித்தான்.

2011 பற்றி ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். மூடிய பிறகு துணியை வெளி மாநிலங்களுக்கு லாரி ஏற்றிச் சாயம் போட்டுக் கொண்டுவந்தார்கள். வேலை இல்லாமல் ஆட்கள் ஊருக்குப் போனார்கள். அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் புது சுத்திகரிப்பு முறை சரிவந்ததைப் பார்த்து மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த நிலையங்களில் நாங்கள் எல்லோரும் பங்குதாரர்கள், கடனுக்கும் நாங்கள்தான் ஜவாப்தாரி. பங்கு கட்ட முடியாதவர்கள் தொழிலை விட்டே போனார்கள்.

இன்று என் நிலைமை: சுத்திகரிப்பு பில்லை மாதாமாதம் கட்டியாக வேண்டும், தவறினால் இணைப்பை அடைத்துவிடுவார்கள். எக்ஸ்போர்ட்டர் எனக்குப் பணம் தருவது மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து. பையர் ஐந்து சென்ட் குறைத்தால் எக்ஸ்போர்ட்டர் எனக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைப்பார். அதே நேரத்தில் ராத்திரியில் மழை பெய்ததும் குழாயைத் திறந்துவிடுகிற ஆள் என்னைவிடக் குறைந்த ரேட்டுக்கு எடுப்பான். ஆர்டர் அவனுக்குப் போகும். நேர்மையாக நடப்பவனுக்கு அபராதம் போடுகிற மாதிரி மார்க்கெட் இருக்கிறது.

நாங்கள் ரொம்ப நாளாகக் கேட்பது, சுத்தம் செய்த உப்புநீரைக் குழாய் போட்டுக் கடலில் விடும் திட்டம். கடலில் ஏற்கெனவே உப்புதானே. அதை ஏன் யாரும் கையில் எடுப்பதில்லை?

---

கடலூர்க்காரி

சின்னப்பட்டறை அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கடலைப் பற்றிச் சொல்லும்போது கரையில் இருக்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர் சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) பக்கம் வளர்ந்தவள் நான். ‘சுத்தம் செய்துதான் விடுகிறோம்’ என்ற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். குழாயில் உப்பு மட்டும் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பிடிக்காத சாயம், துணைக் கெமிக்கல், கன உலோகம் ஏதாவது ஒரு நாள் வந்தால் அதைத் திருப்பூரில் யாரும் பார்க்கப்போவதில்லை. கட்டுமரத்தில் போகிறவர்தான் பார்ப்பார். ஓரத்துப்பாளையத்தில் நடந்ததை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கொண்டுபோவதுதான் அது.

---

பச்சை_பல்லடம்

இந்தப் பேச்சு ரொம்பச் சோர்வாகப் போகிறது. நல்லதும் நடக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில் 2015லிருந்து பனியன் தொழில்துறையினர் பணம் போட்டு மாவட்டம் முழுக்க லட்சக்கணக்கில் மரம் வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போவதில்லை, வேலி போட்டு, சொட்டுநீர் விட்டு வளர்க்கிறார்கள். நானும் நிறைய நாள் போய்க் குழி வெட்டியிருக்கிறேன். குளம் தூர்வாருவது, அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது என்று கம்பெனிகள் செய்கின்றன. இதுவும் சமூகப் பொறுப்புதானே? எல்லாவற்றையும் வழக்காகவே பார்க்க வேண்டுமா?

---

கரூர்_வக்கீல்

மரம் வைப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மரங்களின் நிழலில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்பனை, அல்லது 5 கோடி நிகர லாபம், இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி கடந்த மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, திருப்பூரின் பெரும்பாலான பட்டறைகள் பங்குதாரர் நிறுவனமாகவோ தனி நபர் தொழிலாகவோ இருப்பவை. இந்தச் சட்டம் அவற்றைத் தொடாது. இன்னொன்று, கம்பெனி தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்யும் செலவு சி.எஸ்.ஆர் (அந்தச் சமூகப் பணி) கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. அதாவது சொந்தக் கழிவைச் சுத்தம் செய்வது தர்மம் இல்லை, தொழில் நடத்துவதற்கான அடிப்படை நிபந்தனை. மரம் வைத்ததை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பங்குச் சந்தையில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் கம்பெனிகள் 2022-23லிருந்து தண்ணீர், கழிவு, மின்சாரம் எல்லாவற்றையும் செபியின் (பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பின்) படிவத்தில் வெளியிட்டாக வேண்டும். திருப்பூரில் துணிக்குச் சாயம் போடுகிறவர்களில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சரக்கு தயாராகும் இடங்களில் நடப்பதை வாங்கும் கம்பெனியே கவனிக்கச் சொல்லும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023லிருந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் அதே மாதிரி தனியாக ஒரு சட்டம் இயற்றி, அமலுக்கு வரும் முன்பே 2025ல் தேதியைத் தள்ளி வைத்தது. கவிக்கு வரும் கேள்விப் பட்டியல் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கேள்வி கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கேற்ற விலையையும் கொடு என்று ஒரு இடத்திலும் நேராகச் சொல்லவில்லை.

---

பள்ளிபாளையம்_அக்கா

திருப்பூரில் நிறுத்தியாச்சு என்று சந்தோஷப்படுபவர்களுக்கு எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம், பவானி, ஈரோடு என்று காவிரிக்கரை முழுக்கச் சின்னச் சின்னச் சாயப்பட்டறைகள். முறையாக நடப்பவை இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நடப்பவையும் இருக்கின்றன. அதிகாரிகள் வந்து இடிக்கிறார்கள், கரண்டைத் துண்டிக்கிறார்கள். கொஞ்ச நாளில் வேறொரு தெருவில் முளைக்கிறது. எங்கள் தெருச் சாக்கடை என்றைக்கு என்ன நிறம் என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அது போய்ச் சேருவது காவிரி. அதே காவிரியில்தான் கீழே எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்.

கவி தம்பி, உங்கள் கம்பெனிக்குச் சாயம் போடும் பட்டறை முறையான பட்டறையாகவே இருக்கட்டும். அவசர ஆர்டர் வந்து அங்கே மெஷின் காலி இல்லாவிட்டால் அந்தத் துணி எங்கே போகிறது என்று யாராவது பார்க்கிறார்களா? சப்-கான்ட்ராக்ட் போகும் இடத்தில் எந்தக் கேள்விப் பட்டியலும் வருவதில்லை.

---

மெர்ச்சண்டைசர்_கவி

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் லாட் கார்டுகளை (ஒவ்வொரு தொகுதித் துணிக்கும் எழுதும் அட்டைகளை) எடுத்துப் பார்த்தேன். துணி எடை, ஷேடு, பட்டறைப் பெயர் இருக்கிறது. உண்மையில் எந்த மெஷினில் ஏறியது என்று எங்கேயும் இல்லை. பட்டறையிலிருந்து வரும் டி.சி.யை (டெலிவரி சலானை) மட்டும்தான் நம்புகிறோம்.

கெமிஸ்ட் அண்ணா, ஒன்று கேட்கிறேன். காஸ்டிங் ஷீட்டில் கழிவுநீர்ச் செலவைத் தனி வரியாக எடுத்து பையருக்குக் காட்டினால் என்ன? விலை பேசும்போது நூல் விலை ஏறினால் அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அது தனி வரி, மார்க்கெட் ரேட் தெரியும். இதையும் அப்படித் தனியாக வைத்தால், ‘இந்த வரியில் கை வைக்க முடியாது, வைத்தால் நீங்கள் கையெழுத்துப் போட்ட உங்கள் கொள்கைக்கே விரோதம்’ என்று சொல்ல முடியும். எங்கள் எம்.டி.யிடம் பேசினேன். ஒரு பையரிடம் முயன்று பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அந்த வரியில் என்ன எண் போடுவது?

---

டை_ஹவுஸ்_கெமிஸ்ட்

நல்ல யோசனை, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் எல்லா ஷேடுக்கும் ஒரே எண் போடாதீர்கள். வெள்ளைக்கும் கருப்புக்கும் உப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்றாகப் பிரித்து, பட்டறையின் மாத சுத்திகரிப்பு பில்லை அந்த மாதம் ஓடிய கிலோவோடு வகுத்து எடுங்கள். பில்லையே கேட்டு வாங்குங்கள், வாய்க் கணக்கு வேண்டாம். லாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது மெஷின் கன்ட்ரோலரில் பதிவாகும். அதையும் லாட் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பட்டறை ஏற்றிய துணிக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிய தண்ணீருக்கும் கணக்கு உதைத்தால், துணி வேறு எங்கோ போயிருக்கிறது, இல்லை தண்ணீர் வேறு எங்கோ போயிருக்கிறது. அக்கா கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

பையரிடம் இன்னொன்றும் கேட்கலாம். சோடியம் குளோரைடுக்குப் (சாதாரண உப்புக்கு) பதில் சோடியம் சல்பேட் போட்டால், உப்புநீரைக் குளிர வைத்து அதைத் தனியாகப் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தலாம். பல நிலையங்கள் செய்கின்றன. ஆனால் எப்படிப் பார்த்தாலும் கடைசியில் கொஞ்சம் கலப்பு உப்பு மிஞ்சும். சாயமும் கடினத்தன்மையும் கலந்த பழுப்பு உப்பு. அதை வாங்க ஆள் இல்லை. ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி, மழை படாமல் தார்ப்பாய் போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறோம். ஜீரோ டிஸ்சார்ஜ் (ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாதது) என்று பையர் தன் வெப்சைட்டில் போடும்போது அந்த மூட்டைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உப்பு குறைவாகத் தேவைப்படும் சாயங்கள் வந்துவிட்டன, விலை கூட. ‘அந்தச் சாயத்துக்கு ஆகும் கூடுதல் விலையை நீங்கள் ஏற்றால் உப்பைக் குறைத்துத் தருகிறோம்’ என்று ஒரு ஸ்டைலுக்காவது எழுதிக் கேளுங்கள்.

---

சின்னப்பட்டறை

கவி, தனி வரி போட்டால் ஒரு உதவி செய்யுங்கள். அந்த வரிப் பணத்தை மட்டுமாவது துணி டெலிவரி எடுத்த ஏழு நாளுக்குள் கொடுக்கச் சொல்லுங்கள். மீதி டையிங் கூலி வழக்கம்போல வரட்டும். சுத்திகரிப்பு பில்லுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டும் நிலைமை போனால், குழாயைத் திறந்துவிடும் எண்ணம் பாதிப் பேருக்கு வராது. என் மாத பில்லை உங்களுக்கு அனுப்ப நான் தயார். தனிச் செய்தியில் தொடர்பு கொள்ளுங்கள்.

---

ஓரத்துப்பாளையத்தான்

எண் போடும் வேலை நடக்கட்டும். எங்களுக்கு வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழிவு நின்றாலும் மண்ணில் இறங்கின உப்பு உடனே போய்விடவில்லை. சோடியம் ஏறிய மண் மழை பெய்தால் பிசுபிசுவென்று ஆகி, காய்ந்தால் கல்லாகிவிடுகிறது, தண்ணீர் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? நல்ல மழை பெய்த வருஷங்களில் கிணறு கொஞ்சம் தேறியிருக்கிறது. சோளமும் தீவனப்புல்லும் வருகிறது. மஞ்சள் இன்னும் வைக்கவில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் ஆன்லைன் மீட்டர் இருக்கிறது என்கிறார்கள். அந்த எண்ணை வாரியம் மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் நாங்கள் பார்க்கிற மாதிரி போர்டில் தெரிய வேண்டும். கரையோரக் கிணறுகளின் உப்பளவை வருஷத்தில் இரண்டு தடவை, மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எடுத்து வெளியிட வேண்டும். நஷ்டஈடு எங்களுக்கு அந்தக் காலத்துக் கணக்கில் வந்தது. மண்ணைத் திருப்பி எடுப்பதற்கு யாரும் எதுவும் ஒதுக்கவில்லை. கவி பையருக்கு எழுதும் அந்த வரியில் ஜிப்சத்துக்கும் சில பைசா சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

---

மெர்ச்சண்டைசர்_கவி

ஐயா, கேட்கிறேன். ஷேடு வாரியாக மூன்று எண், அதில் நிலத்தைச் சரிசெய்யத் தனியாக ஒரு பங்கு, ஏழு நாள் பேமென்ட் என்று டிராஃப்ட் போட்டுவிட்டேன். சின்னப்பட்டறை அண்ணாவின் பில் வந்ததும் எண்களை நிரப்பி, கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன். கெமிஸ்ட் அண்ணா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள், குறிப்பாகக் கருப்புக்கான எண்ணை. பையர் முதலில் கேள்வி கேட்கப்போவது அதில்தான்.